தரைமேல் டீசல் டேங்க் வைக்கப் போகிறீர்களா? வழியாமல், கொட்டாமல் பார்த்துக்கொள்ளும் முறை

உசிலம்பட்டி சாலையில் இருக்கும் எங்கள் கல் உடைக்கும் கிரஷரில் டீசல் டேங்க் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சித்திரைத் திருவிழா வந்துகொண்டிருந்தது. எதிர்சேவை தொடங்கி அழகர் மலைக்குத் திரும்பும்வரை மதுரைப் பக்கம் எந்த லாரியும் சொன்ன நேரத்துக்கு வராது. அதற்குள் டேங்கை நிரப்பிவிடலாம் என்று 4,000 லிட்டருக்குச் சொல்லிவிட்டேன். லாரி வந்ததும் டிப் ராடை (டீசல் மட்டத்தை அளக்கும் கம்பி) விட்டுப் பார்த்தேன், 120 சென்டிமீட்டர். டேங்கின் உயரம் 200. அப்படியானால் 60 சதவீதம், 10,000-ல் 6,000 இருக்கிறது, 4,000 கொள்ளும். மனக்கணக்கு அவ்வளவுதான். "அண்ணே, முழுசும் கொள்ளுமா?" என்று டிரைவர் ஒரு தடவை கேட்டார். "கொள்ளும், விடுங்க" என்றேன்.

கொள்ளவில்லை. டேங்கிலிருந்து காற்று வெளியேறும் வென்ட் பைப் வழியாக டீசல் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பம்பின் ஸ்டார்ட்டர் ஆபீஸ் அறைக்குள் இருந்தது. ஓடிப்போய் அணைக்க அரை நிமிடம். நிமிடத்துக்கு 300 லிட்டர் தள்ளும் பம்ப், ஆக 150 லிட்டர் போயிற்று. சுற்றிலும், கொட்டுவதைத் தேக்கும் டைக் சுவர் கட்டித்தான் இருந்தோம். ஆனால் முந்தின வாரம் பெய்த கோடை மழைத் தண்ணீரை வெளியேற்றத் திறந்த வால்வை யாரும் மூடவில்லை. டீசல் அந்த வழியாகவே ஓடைக்கு இறங்கிவிட்டது. ஓடை போய்ச் சேருவது ஊர்க் கண்மாயில். அப்போது ஓடையில் தண்ணீர் ஓடவில்லை, அதனால் தப்பித்தோம். மண்ணை வெட்டி அள்ளியதும், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு நின்றதும் தனிக்கதை.

அந்த வருடம் முழுக்கத் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். கிரஷர், மில், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர், பஸ் ஷெட் என்று யார் டேங்க் வைத்தாலும் பொருந்தும். டீசலுக்கு மட்டும்தான். பெட்ரோலுக்கு விதிகளும் வேறு, ஆபத்தும் பல மடங்கு.

1. உரிமம் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பெட்ரோலியப் பொருட்களைத் தீப்பற்றும் வெப்பநிலையை வைத்து ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். டீசல் பி வகுப்பு. 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, ஒரே இடத்தில் பி வகுப்பு எண்ணெய் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் இல்லாமல், *அதில் எந்தக் கலமும் 1,000 லிட்டர் கொள்ளளவைத் தாண்டாமல்* இருந்தால் உரிமம் தேவையில்லை.

பலர் சிக்குவது அந்த இரண்டாம் பாதியில்தான். "ரெண்டாயிரத்து ஐநூறுக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாம் சார்" என்று சொல்லி 2,000 லிட்டர் டேங்க் ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். மொத்த அளவு சரிதான், ஆனால் ஒரே கலம் 1,000-ஐத் தாண்டிவிட்டது. உரிமம் வேண்டும். ஜெனரேட்டர் டேங்குகள் ஏன் 990 லிட்டர் என்ற விசித்திர அளவில் விற்கின்றன என்பதற்கும் விடை இதுதான்.

உங்கள் செலவு தினம் 100 லிட்டருக்குள் என்றால், என் யோசனை: 990 லிட்டரில் இரண்டு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். பெரிய டேங்க் கௌரவத்துக்கு வேண்டாம்.

2. காகிதங்கள், காலம்

உரிமம் தேவைப்பட்டால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் (எல்லாரும் பெசோ என்பார்கள்) விண்ணப்பிக்க வேண்டும். தலைமையகம் நாக்பூர், நமக்குச் சென்னை அலுவலகம். விண்ணப்பம் இணையத்திலேயே. அதோடு மாவட்ட அதிகாரியின் தடையின்மைச் சான்று வேண்டும்.

யார் அந்த மாவட்ட அதிகாரி? விதிகளின்படி, காவல் ஆணையர் உள்ள நகரங்களில் ஆணையர் அல்லது துணை ஆணையர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். மதுரையில் இரண்டும் உண்டு. உங்கள் இடம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லை, அந்த நிலையம் மாநகரக் காவலில் வருகிறதா, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருகிறதா என்று கேட்டுவிட்டு மனுவைக் கொடுங்கள். மாநகராட்சி எல்லையும் காவல் எல்லையும் ஒன்று என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் மைத்துனர் அவனியாபுரம் பக்கம் ஒர்க்‌ஷாப்புக்கு விண்ணப்பித்தபோது இதைக் கேட்காமல் ஆறு வாரம் வீணடித்தார்.

நான் சேர்த்த கட்டு: பட்டா, சிட்டா, புல வரைபடம், குத்தகை நிலம் என்றால் பதிவு செய்த குத்தகைப் பத்திரம், நிறுவனப் பதிவு, இட வரைபடம், டேங்க் அமைப்பு வரைபடம். இட வரைபடத்தில் சாலை, கட்டடம், கிணறு, மின்கம்பி எல்லாம் தூரத்தோடு இருக்க வேண்டும். தலைக்கு மேலே போகும் ஒரு மின்கம்பியை நான் குறிக்காமல் விட்டேன், கட்டு திரும்பி வந்தது. முழுக்க என் தப்பு. ஒரு மாதம் போனது.

தடையின்மைச் சான்றை மூன்று மாதத்துக்குள் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும் என்பது விதி. நீங்கள் மனதில் ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டு, வரைபட ஒப்புதல் கைக்கு வருவதற்கு முன் டேங்கை இறக்காமல் இருங்கள். ஒப்புதலில் ஒரு மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னால், கட்டிய டைக்கை இடிக்க வேண்டியிருக்கும். டேங்கைத் தண்ணீர் நிரப்பிச் சோதித்ததற்கான சான்றிதழும் தகுதியுள்ளவர் கையெழுத்தோடு வேண்டும், பட்டறையிலிருந்து வண்டி ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். உரிமம் டிசம்பர் 31 அன்று முடியும். புதுப்பிக்கும் வேலையை நவம்பரிலேயே தொடங்குங்கள்.

3. டேங்கிலேயே இருக்க வேண்டியவை

டேங்க் செய்து முடித்த பிறகு ஓட்டை போட்டு எதையும் சேர்க்க முடியாது. அதனால் பட்டறைக்குச் சொல்லும்போதே இவை எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நிரப்பும் பைப் டேங்கின் அடிவரை இறங்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் நுரைக்கும், அளவு காட்டாது, நிலைமின்சாரமும் சேரும். நிரப்பும் வாயில் பின்னோட்டம் தடுக்கும் வால்வு, பூட்டக்கூடிய மூடி, கீழே சொட்டும் டீசலைப் பிடிக்க ஒரு இரும்புப் பெட்டி. ஹோஸைக் கழற்றும்போது வழியும் ஐந்தாறு லிட்டர்தான் ஒவ்வொரு கிரஷரிலும் கறுத்துக் கிடக்கும் மண்ணுக்குக் காரணம். யாரும் அதைக் கொட்டியதாகவே எண்ணுவதில்லை.

வென்ட் பைப் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. உள்ளே டீசல் போகும் வேகத்துக்குக் காற்று வெளியேற வேண்டும். வாயில் வலை போடுங்கள், மாதம் ஒரு தடவை பாருங்கள். நம்மூரில் குளவி கூடு கட்ட இதைவிடப் பிடித்த இடம் கிடையாது. வென்ட் அடைத்துக்கொண்டு பம்ப் ஓடினால் அழுத்தம் ஏறி டிப் துவாரம் வழியாக டீசல் அடிக்கும், டேங்கே உப்பக்கூடும்.

இன்னொன்று, தரைமேல் டேங்குக்கே உரியது. டேங்க் உயரத்தில், வண்டிக்கு ஊற்றும் நாசில் தாழ்வில். நடுவில் பைப்போ ஹோஸோ விரிசல் விட்டால் பம்ப் ஓடாமலேயே டேங்க் முழுதும் தானாக இறங்கிவிடும். இதைத் தடுக்கும் ஆன்டி சைஃபன் வால்வு இல்லாமல் டேங்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இரண்டு டேங்கை அடியில் பைப் போட்டு இணைக்கும் வழக்கமும் உண்டு. ஒன்றில் ஊற்றினால் அடுத்ததில் மட்டம் ஏறும். இரண்டும் ஒரே உயரத்தில் உட்காராவிட்டால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் டேங்க் அமைதியாக இருக்க, பார்க்காத டேங்க் வழியும். முடிந்தால் இணைக்காதீர்கள். இணைத்தால் நடுவில் வால்வு வைத்து, நிரப்பும்போது மூடுங்கள்.

4. டைக் சுவர்

டேங்கில் உள்ளது முழுதும் கொட்டினாலும் உள்ளேயே நிற்க வேண்டும், அதுதான் டைக்கின் வேலை. நான் பத்து சதவீதம் கூட்டிக் கட்டச் சொல்வேன். 10,000 லிட்டர் டேங்குக்கு உள் அளவு 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் 12,000 லிட்டர் கொள்ளும். டேங்கைத் தாங்கும் பீடங்கள் அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் என்ன உயரம் இருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

தரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும். செங்கல் சுவர் எழுப்பி உள்ளே மண் தரையை அப்படியே விட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சுவர் நிற்கும், டீசல் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும்.

வடிகால் வால்வு டைக்குக்கு *வெளியே*, பூட்டோடு இருக்க வேண்டும். சாவி ஒரே ஒருவரிடம். இதைப் பற்றி மழைக்காலப் பகுதியில் இன்னும் திட்டுவேன்.

5. டிப் சார்ட்: இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்

படுத்த உருளை டேங்கில் உயரமும் லிட்டரும் ஒரே விகிதத்தில் ஏறாது. நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். எங்கள் டேங்க் 2 மீட்டர் விட்டம், 3.2 மீட்டர் நீளம், முழுக் கொள்ளளவு சுமார் 10,050 லிட்டர். அதன் கணக்கு இது:

50 செ.மீ. – 1,965 லிட்டர்
100 செ.மீ. – 5,025 லிட்டர்
120 செ.மீ. – 6,300 லிட்டர்
150 செ.மீ. – 8,085 லிட்டர்
169 செ.மீ. – 9,050 லிட்டர்
180 செ.மீ. – 9,530 லிட்டர்

120 சென்டிமீட்டரில் 6,000 இருக்கும் என்று நான் நினைத்தேன், இருந்தது 6,300. அதோடு 4,000 சேர்த்தால் 10,300. டேங்க்கோ 10,050. என் மனக்கணக்கு பாதி டேங்குக்குக் கீழே இருந்திருந்தால் ஆபத்தில்லாத பக்கமாகத் தவறியிருக்கும், ஏனென்றால் அங்கே உண்மையில் இருப்பது நினைப்பதைவிடக் குறைவு. பாதிக்கு மேலே போனால் தவறு வழியும் பக்கமாகத் திரும்பிவிடுகிறது.

இதே உருளை வடிவம் இன்னொரு விளையாட்டும் காட்டும். டேங்கின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஏற 64 லிட்டர் வேண்டும், 300 லிட்டர் வேகத்தில் அதற்கு 13 வினாடி ஆகும். 195-வது சென்டிமீட்டருக்கு 20 லிட்டரே போதும், 4 வினாடி. "மெதுவாத்தான ஏறுது" என்று அரை மணி நேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கடைசியில் அது ஓடுவது தெரியவே தெரியாது.

ஆகவே டேங்க் வாங்கும்போதே சென்டிமீட்டர் வாரியாக எத்தனை லிட்டர் என்று காட்டும் டிப் சார்ட் கேளுங்கள். அது உங்கள் டேங்குக்கு உரியதாக இருக்க வேண்டும், அதே அளவு வேறு டேங்கின் நகல் ஆகாது. லேமினேட் செய்து நிரப்பும் இடத்தில் மாட்டுங்கள். டிப் ராடில் இரண்டு கோடு போடுங்கள்: 90 சதவீதத்தில் மஞ்சள், 95 சதவீதத்தில் சிவப்பு. எங்கள் டேங்கில் மஞ்சள் 169, சிவப்பு 180. மஞ்சளைத் தாண்டி ஆர்டர் போகாது. சிவப்பைத் தாண்டி டீசல் போகாது.

மீதி 5 சதவீதம் ஏன் காலியாக இருக்க வேண்டும் என்று எங்கள் முதலாளி கேட்டார். வெயில். டீசல் ஒரு டிகிரி சூடேறினால் ஆயிரம் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 0.8 லிட்டர் விரியும். காலையில் நிரப்பிய 9,000 லிட்டர், சித்திரை வெயிலில் 10 டிகிரி ஏறினால் 72 லிட்டர் கூடுகிறது. விளிம்புவரை நிரப்பிய டேங்க், யாரும் தொடாமல் மத்தியானம் தானாக வழியும்.

6. ஆர்டர் போடும் கணக்கு

டேங்க் வழிவது லாரி வந்த அன்று இல்லை, நீங்கள் போனை எடுத்த அன்று. லாரி டேங்கைத் தனித்தனி அறையாகப் பிரித்திருப்பார்கள், அந்தச் சேம்பர் கணக்கில்தான் டீசல் வரும். 12,000 லிட்டர் லாரி என்றால் பெரும்பாலும் 4,000 வீதம் மூன்று சேம்பர். ஒரு சேம்பரில் பாதியை இறக்கிவிட்டு மீதியைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னால் டிரைவர் முகம் மாறும், பில் பிரச்சினை வரும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் "கொஞ்சம்தான், கொள்ளும்" என்று தள்ளுகிறோம்.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மஞ்சள் கோட்டில் 9,050. அதில் ஒரு சேம்பர் 4,000 போனால் 5,050. அதாவது எங்கள் டேங்க் பாதிக்கு, 100 சென்டிமீட்டருக்கு, இறங்கினால் ஒரு சேம்பர் *இறக்கலாம்*. இரண்டு சேம்பர் வேண்டுமென்றால் 1,050 லிட்டருக்கு, ஏறக்குறைய 32 சென்டிமீட்டருக்கு, இறங்க வேண்டும். எங்கள் செலவு தினம் 400 லிட்டர், 5,000-ல் பன்னிரண்டு நாள் ஓடும். அவசரப்பட ஒன்றுமே இல்லை. திருவிழாவுக்கு முன், தீபாவளிக்கு முன் என்று வரும் பதற்றம்தான் எமன்.

ஆர்டர் சொல்லும் முன் டிப் பார்த்து, நோட்டில் தேதி, நேரம், சென்டிமீட்டர், லிட்டர், காலி இடம் என ஐந்தையும் எழுதுங்கள். காலி இடம் எழுதாத நோட்டுக்கு அர்த்தமில்லை. விலை குறைத்துத் தருகிறேன் என்று இரவில் வரும் வண்டிகளிடம் வாங்காதீர்கள். அவர்கள் கொட்டினால் பொறுப்பேற்க ஆளும் இருக்காது, பில்லும் இருக்காது.

7. லாரி வந்த பிறகு

கப்பலூர் எண்ணெய்க் கிடங்கிலிருந்து வரும் லாரியைக் காலையில் வரச் சொல்லுங்கள். இருட்டில் இறக்க வேண்டாம். உள்ளே வந்ததும் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, நிலைமின்சாரம் தரைக்கு இறங்க எர்த் கிளிப் மாட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே நிற்கட்டும். அந்த நேரத்தில் சீல், பில், லாரி டிப் எல்லாம் பாருங்கள். டிரைவருக்கும் கிளீனருக்கும் டீயை அப்போதே கொடுத்துவிடுங்கள். இது விளையாட்டில்லை. இறக்கும் நடுவில் டீக்குப் போவதுதான் நான் கேட்ட கொட்டிய கதைகளில் பாதி.

பிறகு உங்கள் டேங்கை *மறுபடி* டிப் பாருங்கள். ஆர்டர் போட்ட அன்றைய அளவை நம்பாதீர்கள், இடையில் ஜெனரேட்டர் ஓடாமல் இருந்திருக்கலாம். ராடின் நுனியில் வாட்டர் பேஸ்ட் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தடவி அடியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள், தண்ணீரும் இடத்தை அடைக்கும். காலி இடம் இறக்கப்போகும் அளவைவிடக் குறைவு என்றால் ஹோஸை மாட்டவே கூடாது. மாட்டிய பிறகு மனசு கேட்காது.

டைக் வால்வு பூட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். ஹோஸை மாட்டும் கப்ளிங்கில் வாஷர் இருக்கிறதா? அடியில் தட்டு வைத்தாயிற்றா? சரி, இப்போது பம்பைப் போடலாம்.

ஒருவர் டேங்க் அருகில், ஒருவர் பம்பின் நிறுத்தும் பொத்தான் அருகில், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் இடத்தில். அந்தப் பொத்தான் நிரப்பும் இடத்திலேயே இருக்க வேண்டும், தீப்பொறி வெளியே வராத ஃபிளேம்ப்ரூஃப் வகையாக. என்னிடமிருந்து அந்த அரை நிமிடத்தைப் பறித்தது அறைக்குள் இருந்த ஸ்டார்ட்டர்தான். எங்கள் கிரஷரில் காது கேட்காது, அதனால் கை சைகை வைத்திருக்கிறோம்: கை உயர்ந்தால் நிறுத்து. லாரி இறக்கும் நேரத்தில் கிரஷரையே நிறுத்திவிடும் இடங்களும் உண்டு, அது இன்னும் நல்லது.

முடிந்ததும் முதலில் லாரி வால்வு, பிறகு ஹோஸைத் தூக்கி டேங்குக்குள் வடித்து, பிறகு டேங்க் வால்வு, கடைசியில் கப்ளிங். வரிசை மாறினால் பைப்பில் நிற்கும் டீசல் உங்கள் காலில்.

8. அலாரம் வாங்குங்கள், ஆனால் நம்பி உட்காராதீர்கள்

மட்டத்தை முள்ளால் காட்டும் கிளாக் கேஜ் ஒன்று, மட்டம் மேலே ஏறினால் எச்சரிக்க அதோடு சேராத தனி ஹைலெவல் சுவிட்ச் ஒன்று. இரண்டும் ஒரே மிதவையில் ஓடக்கூடாது. மிதவை சிக்கினால் இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும். சுவிட்ச் 90 சதவீதத்தில் ஹூட்டரும் சுழல் விளக்கும் போட வேண்டும், 95-ல் பம்பை அணைக்க வேண்டும். கிரஷருக்கு விளக்கு கட்டாயம், ஹூட்டர் மட்டும் வைத்தால் எமதர்மன் காதில்தான் விழும்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வைக்கும் மலிவான ஃப்ளோட் சுவிட்சை டீசலுக்குள் போடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். 230 வோல்ட் ஒயரை எண்ணெய்க்குள் இறக்குகிறார்கள் என்று பொருள். அடியோடு மறுத்துவிடுங்கள். எரிபொருளுக்கென்று அங்கீகரித்த வகைதான் வேண்டும்.

மாதம் ஒரு முறை சுவிட்சைக் கையால் தூக்கிச் சோதியுங்கள், சோதித்தபின் பழைய நிலைக்குத் திருப்புங்கள். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் கிடங்கில் ஒரு பெரிய பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிந்து வெடித்தது. கேஜ் சிக்கி ஒரே மட்டத்தைக் காட்டிக்கொண்டே நின்றது. காப்பாற்ற வேண்டிய தனி சுவிட்சோ, அதன் சோதனை நெம்புகோலை இடத்தில் பிடித்துவைக்கும் பூட்டு மாட்டாததால் வேலை செய்யவில்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே ஒரு பூட்டு.

செலவு எனக்கு ஆனபடி: டிப் ராடு 1,800 ரூபாய், கிளாக் கேஜ் 6,500, சுவிட்ச்-ஹூட்டர்-விளக்கு-பேனல் 14,000, நிரப்பும் பெட்டியும் வால்வுகளும் 9,000, நிறுத்தும் பொத்தானும் ஒயரிங்கும் 5,000. மொத்தம் 36,300. கொட்டிய 150 லிட்டரின் விலை இதில் பாதிகூட வராதுதான். மண் வெட்டியது, அள்ளியது, அப்புறப்படுத்தியது என்று கூட்டினால் கதை மாறும். உங்கள் ஊரில் விலை கூடக் குறைய இருக்கலாம்.

9. ஜெனரேட்டர் டே டேங்க்

ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட், மண்டபம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பெரிய டேங்கைவிட அதிகம் வழிவது, ஜெனரேட்டருக்கு நேராக டீசல் கொடுக்கப் பக்கத்தில் நிற்கும் சின்ன டே டேங்க்தான். பெரியதிலிருந்து பம்ப் போட்டுவிட்டு வாட்ச்மேன் கேட் திறக்கப் போவார். டே டேங்கின் மேலிருந்து பெரிய டேங்குக்கே திரும்பும் ஒரு ஓவர்ஃப்ளோ பைப், உள்ளே வரும் பைப்பைவிட அகலமாகப் போட்டுவிடுங்கள். பம்புக்கு டைமர் வையுங்கள். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் டே டேங்குக்கே திரும்பி வரும் என்பதால், அதை ஒருபோதும் முழுக்க நிரப்பக்கூடாது.

10. மழைக்காலம்

ஐப்பசியில் ஒரே இரவில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால், 20 சதுர மீட்டர் டைக்குக்குள் 1,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடுத்த மழைக்கு இன்னும் 1,000. டைக் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டால் டீசலுக்கு இடமிருக்காது. வெளியேற்றத்தான் வேண்டும், எப்படி என்பதில்தான் விஷயம்.

முதலில் தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது, படலத்தை முதலில் உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் திறந்துவிட்டு, வடிந்து முடியும்வரை திறந்தவரே அங்கே நிற்க வேண்டும். "திறந்துட்டு வா, சாயங்காலம் மூடலாம்" என்ற வார்த்தைதான் எங்கள் டீசலை ஓடைக்கு அனுப்பியது. இப்போது எங்கள் நோட்டில் திறந்த நேரம், மூடிய நேரம், கையெழுத்து மூன்று கட்டம் இருக்கிறது. மூடிய நேரம் காலியாக இருந்தால் அன்று அவருக்கு வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. கூரை போட முடிந்தால் போட்டுவிடுங்கள், தண்ணீரும் வராது, வெயிலும் குறையும்.

11. இத்தனைக்குப் பிறகும் கொட்டினால்

பம்பை அணை, வால்வை மூடு. வேறு எதுவும் அதற்கு அப்புறம்தான். வண்டிகளை ஸ்டார்ட் செய்யவிடாதீர்கள், வெல்டிங், பீடி, செல்போன் எல்லாம் தள்ளிப் போகட்டும். டீசல் ஓடும் திசையில் முன்னால் போய் மண்ணால் அணை போடுங்கள், பின்னாலேயே துரத்தாதீர்கள். ஓடை, சாக்கடை, கிணறு இந்த மூன்றுக்கும் வழியை முதலில் அடையுங்கள். தீ என்றால் 101 அல்லது 112.

உறிஞ்ச, மில்லில் கிடைக்கும் மரத்தூளும் தென்னை நார்க்கழிவும் நன்றாக வேலை செய்கின்றன. பத்து மூட்டை காய்ந்ததாகக் கூரையடியில் எப்போதும் இருக்கட்டும், மழையில் நனைந்த மூட்டை எதையும் உறிஞ்சாது. மணல் வாளிகளும் பவுடர், நுரை தீயணைப்பான்களும் டைக்குக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில். தண்ணீர் பீய்ச்சியோ சோப்புப் போட்டோ கழுவாதீர்கள். டீசல் மறையாது, இன்னும் தூரம் போகும். அள்ளிய டீசலை டேங்குக்குத் திரும்ப ஊற்றவும் வேண்டாம்.

நனைந்த மரத்தூளையும் மண்ணையும் குப்பையில் கொட்டவோ எரிக்கவோ கூடாது. 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வரும். மூடிய டிரம்மில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்தவரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 90 நாளுக்கு மேல் வைத்திருக்க அனுமதி இல்லை. எங்களுக்கு மூன்று டிரம் ஆனது. எடுத்துப்போக ஒரே ஒரு டிரம்முக்காக யாரும் வரமாட்டேன் என்கிறார்கள், பக்கத்து கிரஷர்காரர்களிடம் பேசிச் சேர்த்து அனுப்பினோம். கழிவை எடுத்துப்போகும் ஆளின் நம்பரை இப்போதே வாங்கி, டிப் சார்ட்டுக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.